தண்ணீர் நின்ற பாதி

பாலேஸ்வரி அந்தப் பாதியைத் தானே தெரிந்தெடுத்தாள். வேறு யாராவது அவள் தலையில் கட்டியிருந்தால் மனம் இவ்வளவு வெந்திருக்காது.

1993ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அவளுடைய கணவர் பத்மநாதனும் அவருடைய தம்பி சற்குணநாதனும் சேர்ந்து கனடாவில், அஜின்கோர்ட்டில் ஒரு வீடு வாங்கினார்கள். மேல்வீடு அண்ணன் குடும்பத்துக்கு, நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்ட் தம்பி குடும்பத்துக்கு என்பது பேசாமலே முடிவாகிவிட்டது. பின்வளவை நடுவால் பிரித்து ஆளுக்கொரு பாதியில் மரக்கறி போடுவதென்று பெண்கள் இருவரும் தீர்மானித்தார்கள். மூத்தவள் என்பதால் பாலேஸ்வரிக்குத்தான் முதல் உரிமை. கிழக்குப் பக்கம் தட்டையாக, கறுத்த மண்ணாக இருந்தது. புல் நல்ல பச்சை. மேற்குப் பக்கம் கொஞ்சம் மேடு. அங்கே புல் காய்ந்து, இடைக்கிடை மண் தெரிந்தது.

“நான் இந்தப் பக்கத்தை எடுக்கிறன். உமக்கு அது காணும்தானே?” என்று கேட்டாள்.

“காணும் அக்கா,” என்றாள் தம்பியின் மனைவி தவமலர்.

ஒக்ரோபரிலும் புல் ஏன் அவ்வளவு பச்சையாக நிற்கிறது என்று பாலேஸ்வரி யோசிக்கவில்லை.

அவள் யோசிக்காமல் எதையும் செய்கிற ஆள் அல்ல. 1986இல் இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கியவள். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்குகிற கிச்சினில் வேலை. விடிய முதல் பஸ் எடுத்துப் போவாள். அவள் அடுக்கிய தட்டில் ஒரு கரண்டி பிசகியது என்று யாரும் சொன்னதில்லை. சற்குணம் கனடாவுக்கு வந்தபோது அவனுக்குச் சமைத்துப்போட்டு, அவனுக்கு மட்டக்களப்பில் பெண் பொருந்தியபோது கூறைச்சேலையும் அவள்தான் எடுத்தாள். தவமலர் வந்த நாளில் விமான நிலையத்தில் அவளுக்கு விண்டர் ஜக்கெற்றைப் போட்டுவிட்டு, சிப்பை இழுத்துப் பூட்டியவளும் அவள்தான். அந்தப் பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டி வரும் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

மறுவருஷம் ஏப்ரலில் பனி உருகியது. பாலேஸ்வரி சமையலறை ஜன்னலால் எட்டிப் பார்த்தபோது அவளுடைய பாதியில் ஒரு குளம் கிடந்தது. அதில் ஒரு சோடித் தாரா நீந்திக்கொண்டிருந்தது. தவமலரின் சின்னப் பெண்கள் இரண்டும் வேலியோரம் நின்று பாண் துண்டு பிய்த்து எறிந்து, துள்ளித் துள்ளிக் கத்தின.

“பெரியம்மா! உங்கட தோட்டத்தில டக்ஸ்!”

மேற்குப் பாதியில் தண்ணீர் ஒரு துளி இல்லை. தவமலர் அங்கே ஏற்கெனவே மண்ணைக் கொத்திப் புரட்டத் தொடங்கியிருந்தாள்.

தாராக்கள் போய், குளம் வற்றி, மே மாத நடுவில் பாலேஸ்வரியும் நட்டாள். கத்தரி, வெண்டி, மிளகாய், பயிற்றை. மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் ஒரு விரலை விட்டால் உள்ளே சொதசொதவென்று களி. விதைகள் அழுகின. வாங்கி வைத்த கத்தரிக் கன்றுகள் மஞ்சளித்து, ஒரு சாண் உயரத்திலேயே நின்றுவிட்டன. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அவற்றின் அடியில் தண்ணீர் இரண்டு மூன்று நாள் நின்றது. நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தவமலரின் கத்தரி இடுப்பளவு வளர்ந்து, ஊதாப் பூவும் காயுமாகச் சரிந்து கிடந்தது.

பாலேஸ்வரி வேலையால் வந்து உடுப்பு மாற்ற முதல் ஜன்னலுக்குப் போவாள். தன் பக்கத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்தில் இன்றைக்குப் புதிதாக என்ன காய்த்திருக்கிறது என்றுதான் பார்ப்பாள். பார்த்தால் வயிறு எரியும். பார்க்காமல் இருக்கவும் முடியாது.

ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில் தவமலர் ஒரு கோப்பை கத்தரிக்காய்ப் பால்கறியை மேலே அனுப்பினாள். பத்மநாதன் சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

“இது ஆரின்ரை கத்தரிக்காய்?”

“ஏன்?”

“இல்லை... நல்ல பிஞ்சு. வெண்ணெய் மாதிரிக் கிடக்கு.”

“கடைக் காய்தான்,” என்றாள் பாலேஸ்வரி.

அந்தப் பொய் ஏன் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பத்மநாதன் இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டார். அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டு சாப்பிட்டதுதான் அவளுக்கு இன்னும் கோபம்.

கோயிலில் சந்திக்கிறவர்கள் “உங்கடை வீட்டு மிளகாய் என்ன உறைப்பு!” என்பார்கள். அது தவமலர் பையில் போட்டுக் கொடுத்ததாக இருக்கும். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் தேத்தண்ணி குடித்த கையோடு, “எங்கை, தோட்டத்தைப் பாப்பம்” என்று பின்கதவால் இறங்க, அவர்களின் கால் தானாகவே மேற்குப் பக்கம் திரும்பும். பாலேஸ்வரி வாசலில் நின்று, “கவனம், அங்காலை சேறு” என்று தன் பக்கத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

வேலையிடத்தில் அவளோடு ஒரே மேசையில் தட்டு அடுக்குகிறவள் வேரோனிக்கா. ஒருநாள் அவள் கேட்டாள்.

“பாலேஸ், நீர் ஒருக்காக் கணக்குப் பாத்தனீரோ? காலமை தொடங்கின நேரம் முதல் தவமலரின்ரை கதைதான்.”

“நான் அவளைப் பற்றிக் குறை ஒண்டும் சொல்லேல்லையே.”

“குறை சொன்னாலும் பறவாயில்லை. அவளின்ரை வெண்டிக்காய் எத்தினை இஞ்சி எண்டு எனக்கு ஏன் தெரியவேணும்?”

பாலேஸ்வரி அடுத்த தட்டை இழுத்து அடுக்கத் தொடங்கினாள். வேரோனிக்கா சொன்னது பிழை என்றிருந்தால் சண்டை பிடித்திருப்பாள்.

தனக்கு மேல்வீடு இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, நிரந்தர வேலை இருக்கிறது. தவமலருக்கு அரை ஜன்னலும் பேஸ்மென்ட்டும். இதையெல்லாம் பாலேஸ்வரி தனக்குத் தானே எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். நியாயம் விளங்கியது. எரிச்சல் அடங்கவில்லை.

அடுத்த வருஷம் மணல் மூட்டைகள் வாங்கிக் கொட்டிக் களிமண்ணோடு கலந்தாள். வெயில் ஏறியதும் அது சீமெந்துபோல் இறுகி, மண்வெட்டி தெறித்தது. பலகை அடித்து உயரமாகப் பாத்தி கட்டினாள். அதில் கீரை கொஞ்சம் பிடித்தது. பலகை கீழிருந்து ஊறி, அந்த வருஷ முடிவிலேயே உளுத்தது. மண்ணுக்கு மேலே என்ன செய்தாலும் கீழே தண்ணீர் போக வழியில்லாமல் நின்றது.

பிறகு அவளுடைய கண் கூரைப் பீலியில் விழுந்தது. பின்பக்கக் கூரைத் தண்ணீர் முழுவதும் ஒரு பைப்பால் இறங்கி அவளுடைய பாதியில்தான் கொட்டியது. ஒரு சனிக்கிழமை அவள் நீளமான நெளிவுக் குழாய் ஒன்று வாங்கிவந்து பைப்பின் நுனியில் மாட்டி, மறு நுனியைத் தவமலரின் பாத்திகளை நோக்கித் திருப்பிவிட்டாள். குனிந்து அதைச் சரிசெய்யும்போது தான் செய்வது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நிமிர்ந்தபோது தவமலர் பின்கதவடியில் நின்றாள்.

“என்ன அக்கா செய்யிறீங்க?”

“இல்லை... இஞ்ச தண்ணி கூடிப்போச்சு. அதுதான்...”

தவமலர் குழாயின் வாயைப் பார்த்தாள். தன் பாத்தியைப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு விடுங்க அக்கா. என்ட மண் சும்மா காயுது. மழைத்தண்ணி வந்தா நல்லம்தானே.”

வந்து தானே குழாயை இன்னும் ஒரு முழம் இழுத்து மிளகாய்ப் பாத்தியின் தலைமாட்டில் வைத்தாள். அந்தக் கோடை முழுவதும் மேட்டு மண் கூரைத் தண்ணீரை உறிஞ்சிக் குடித்தது. மிளகாய்ச் செடிகள் கிளைவிட்டு, தடியூன்ற வேண்டிய அளவுக்குக் காய்த்தன. பாலேஸ்வரியின் பாதியிலோ பின்வீட்டு மேட்டிலிருந்து ஊறி வருகிற தண்ணீர் பழையபடி நின்றது. தானே அவளுக்கு நீர் பாய்ச்சிக் கொடுத்தாயிற்று என்று நினைக்க நினைக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1996 ஜூலையில் ஒரு பகல் மழை அடித்தது. வீதியே ஆறாக ஓடியது. பாலேஸ்வரிக்கு அன்று லீவு. குடையைப் பிடித்துக்கொண்டு, கணவரின் பெரிய ரப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வளவுக்குள் இறங்கினாள். இந்தத் தண்ணீர் எங்கே போக விரும்புகிறது என்று முதல்முறையாக நின்று பார்த்தாள்.

பின்வீட்டு வளவு உயரம். கிழக்கு அயலவரின் வளவும் உயரம். இரண்டு பக்கத்தாலும் தண்ணீர் வந்து, ஒரு தட்டில் தேங்குவதுபோல் அவளுடைய பாதியில் தேங்கியது. அந்தத் தட்டின் மேற்கு விளிம்புதான் தவமலரின் மேடு. மேட்டுக்கு அப்பால், வீட்டின் மேற்குச் சுவரோரமாக இருக்கிற ஒடுங்கிய பாதை நன்றாகச் சரிந்து முன்வளவுக்குப் போய், வீதியோர வடிகால் கானில் முடிந்தது. அந்த மேட்டை ஊடறுத்து ஆழமாக ஒரு கான் வெட்டி, சல்லிக்கல் போட்டு, துளையுள்ள குழாய் புதைத்தால் அவ்வளவு தண்ணீரும் ஓடிவிடும். மழை விட்டபின் கயிறு கட்டி, மட்டக்கோல் வைத்தும் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. குழாய் போகக்கூடிய வழி ஒன்றே ஒன்று. அது தவமலரின் மிளகாய்ப் பாத்தியின் நடுவால் போனது.

அவள் உள்ளே வந்து ஈரச் சப்பாத்தோடு கதிரையில் இருந்துவிட்டாள்.

பின்னேரம் பத்மநாதனிடம் விஷயத்தைச் சொன்னாள். “நீங்கள் சற்குணத்திட்டைக் கேளுங்கோ.”

“அவன்ரை தோட்டமே? அவளின்ரை தோட்டம். நீ போய்க் கேள்.”

“நான் எப்பிடிக் கேக்கிறது?”

“வாயாலைதான்,” என்று சொல்லிவிட்டு அவர் ரிவியைப் பார்த்தார்.

அவள் கேட்க ஒரு வாரம் எடுத்தது. கேட்டால் தோற்றுப்போனதாக இருக்கும். தவமலர் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தாள். அப்படிச் சொன்னால் அவளை வெறுப்பதற்கு ஒரு நியாயமாவது கிடைக்கும். கடைசியில் பேஸ்மென்ட் படியில் இறங்கிப்போய், கதவடியில் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

“இப்ப வேண்டாம். காயெல்லாம் பிடுங்கின பிறகு ஒக்ரோபரிலை வெட்டினாக் காணும்,” என்றாள்.

“ஒக்ரோபர் வரைக்கும் ஏன் அக்கா? இப்பவே வெட்டுவம். இந்தச் சனிக்கிழமை எங்கட ஆளும் வீட்ட நிக்கும்.”

“மிளகாய் நிறையக் காயோடை நிக்குது.”

“அது போகட்டும். மறுகா நடலாம்.”

பாலேஸ்வரி நன்றி சொல்லாமல் படியேறினாள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. கோபத்தில் வருகிற அழுகை அது. கத்தரிக்காய், மிளகாய் எல்லாவற்றிலும் வென்றது போதாதென்று இப்போது நல்ல மனத்திலும் அவள் வென்றுவிட்டாள். எல்லாரும் அவளைத்தான் மெச்சுவார்கள் என்று நினைத்தாள், அப்படியே நடந்தது. விஷயத்தைக் கேள்விப்பட்ட கோயில் சனம், “காய்ச்சு நிக்கிற செடியைப் பிடுங்கிக் குடுக்க எத்தினை பேருக்கு மனம் வரும்?” என்றது. பத்மநாதனும் சொன்னார். வேரோனிக்காகூடச் சொன்னாள். பாலேஸ்வரி எல்லாருக்கும் “ஓம், ஓம்” என்று தலையாட்டினாள்.

காஸ் பைப் எங்கே ஓடுகிறது என்று ஓர் ஆள் வந்து பார்த்து, புல்லில் மஞ்சள் பெயின்ற் அடித்துவிட்டுப் போனான். அது மேற்குப் பாதைக்குக் குறுக்கே வரவில்லை. சனிக்கிழமை காலை நாலு பேரும் இறங்கினார்கள். ஆண்கள் சல்லிக்கல் மூட்டைகளை ஏற்றிவரப் போக, பெண்கள் இருவரும் பாத்தியைத் துப்புரவாக்கினார்கள். தவமலர் மிளகாய்ச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தாள். மெதுவாக இழுக்கவில்லை. வேரோடு பறித்து, மண்ணை உதறி, வேலியோரம் வீசி எறிந்தாள். மூன்றாவது செடியை எறிந்த வேகத்தைப் பார்த்துப் பாலேஸ்வரி மண் அள்ளுகிற சவளை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“தவமலர், உண்மையைச் சொல்லும். உமக்குக் கோவம் இல்லையே?”

தவமலர் நிமிரவில்லை. “கோவம் வராம இரிக்குமா அக்கா? பனி கொட்டக்க ஜன்னலடியில கப்பில போட்டு முளைக்கவச்ச செடி இது.”

“அப்ப ஏன் ஓமெண்டனீர்?”

இப்போது நிமிர்ந்தாள். கையில் செடி தொங்கியது.

“உள்ளுக்கு வந்து பாருங்க.”

பேஸ்மென்ட்டில் பிள்ளைகளின் அறை வீட்டின் பின்பக்கம், பாலேஸ்வரியின் பாதியை ஒட்டி இருந்தது. பாலேஸ்வரி அங்கே வந்து வெகுகாலம். தவமலர் பிள்ளைகளின் கட்டிலை இழுத்தாள். கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுத்த பூஞ்சணம். கார்ப்பெற்றின் ஓரம் ஈரம். பாலேஸ்வரி கையை வைத்துப் பார்த்தாள். சுவர் குளிர்ந்து வியர்த்திருந்தது.

“உங்கட பக்கத்தில தண்ணி நிண்டா, மறுகா இங்க ஊறும். நான் ஜாவெல் பிளீச் போட்டுத் துடைக்கிறன். திரும்ப வருது. சின்னவள் நிருஜாவுக்கு இருமல் விடுதில்ல. இனிக் குளிர் தொடங்கினா ஜன்னலும் திறக்கேலா. ஒக்ரோபர் வரைக்கும் எப்பிடிப் பாத்துக்கொண்டிருக்கிற?”

“இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்ல?”

“எப்பிடிச் சொல்லுற அக்கா? நீங்க மேல இரிக்கிறீங்க. தோட்டம் சரிவரேல்ல எண்டு நீங்களே முகம் குடுத்துப் பேசுறதில்ல. நான் வேற சுவர் ஊறுது எண்டு வந்து நிண்டா, உங்களில பிழை சொல்லுற மாதிரி ஆகிரும். மத்தது... எங்கட பங்கைத் தந்து போகச் சொல்லிருவீங்களோ எண்டும் பயம்.”

பாலேஸ்வரி கட்டிலில் இருந்துவிட்டாள். மூன்று வருஷமாக அவள் ஜன்னலில் நின்று அந்தப் பக்கத்துக் காய்களைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தாள். அவளுடைய குளம் கீழே இந்தப் பிள்ளைகளின் தலைமாட்டில் ஊறிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. நிருஜா இரவில் இருமுவது சில நாள் மேலேயும் கேட்டிருக்கிறது. பிள்ளைக்குச் சளித் தடிமன் என்று நினைத்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

அந்த வெட்கத்தோடு கூடவே வேறொன்றும் வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தவமலர் நல்ல மனத்தில் மட்டும் மிளகாயைப் பிடுங்கவில்லை. அவளுக்கும் ஒரு தேவை இருந்தது, கோபம் இருந்தது, மூன்று வருஷம் அடக்கி வைத்த கதை இருந்தது. அதை அறிந்ததும் பாலேஸ்வரிக்கு நெஞ்சு இலேசாகியது. தன்னைப்போல ஒருத்திதான் என்று தெரிந்த பிறகு அவளோடு நின்று மண் வெட்டலாம்போல இருந்தது.

“வாரும்,” என்று சொல்லி எழும்பினாள். “இந்தச் சுவரடியாலையும் ஒரு கிளை எடுத்து அதிலை சேர்ப்பம்.”

இரண்டு சனி ஞாயிறு பிடித்தது. களிமண் சவளில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. முழங்கால் ஆழத்துக்கு மேல் வெட்டி, சரிவு பார்த்து, துணி விரித்து, சல்லிக்கல் கொட்டி, துளைக்குழாயை வைத்து, திரும்பவும் கல் போட்டு, துணியால் மூடி, மண்ணை இழுத்தார்கள். எங்கே சரிவு பிசகுகிறது என்று மட்டக்கோலோடு குந்தியிருந்து சொன்னது பாலேஸ்வரி. பத்மநாதன் ஒருமுறை “உது காணும், விடு” என்றபோது, “காணாது. திருப்பி வெட்டுங்கோ” என்றாள். அவர் வெட்டினார்.

அடுத்த மழை ஒரு வேலைநாளில் வந்தது. பாலேஸ்வரி பஸ்ஸால் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தபோது, முன்வளவுக் கானடியில் தவமலர் குடையோடு ஏற்கெனவே நின்றாள். குழாயின் வாயிலிருந்து கலங்கல் தண்ணீர் ஒரு கைப் பருமனில் ஓடிக்கொண்டிருந்தது.

“மத்தியானம் தொடங்கி ஓடுது அக்கா,” என்றாள்.

தனக்கு முதல் அவள் பார்த்துவிட்டாளே என்று பாலேஸ்வரிக்கு ஒரு சின்ன எரிச்சல் வந்தது. தானே அதைக் கவனித்துச் சிரித்துவிட்டாள். தவமலர் குடையை அவள் பக்கம் சரித்துப் பிடித்தாள்.

சுவர் மெல்லமெல்லக் காய்ந்தது. சற்குணம் அதைச் சுரண்டிப் பெயின்ற் அடித்தான். நிருஜாவின் இருமல் அந்த மாரிக் குளிரில் குறைந்தது. 1997 ஏப்ரலில் பனி உருகியபோது கிழக்குப் பாதியில் குளம் வரவில்லை. தாராக்கள் ஒருமுறை வட்டமிட்டுப் பார்த்துவிட்டு எங்கோ போயின. அந்தக் கோடை பாலேஸ்வரியின் கத்தரி காய்த்தது. இத்தனை காலம் தண்ணீரோடு வந்து படிந்த மண் கொழுத்துக் கிடந்ததால் காய் ஒவ்வொன்றும் உள்ளங்கையை நிறைத்தது. கான் போன வழியில் தவமலரின் செடிகள் தண்ணீர் காணாமல் வாடின. பாலேஸ்வரி ஜன்னலில் நின்று அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்து அனுபவித்தாள் என்றே சொல்லவேண்டும். பிறகு ஹோஸை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கத்துக்கும் பிடித்தாள்.

தவமலர் வேலியில் பாகல் படரவிட்டாள். அது வேலி முழுக்க ஏறிக் காய்த்துத் தள்ளியது. பாலேஸ்வரிக்குத் திரும்பவும் எரிந்தது. ஆனால் இப்போது அதை அவள் வாய்விட்டே சொன்னாள். “என்னெண்டு உமக்கு மட்டும் இப்பிடிக் காய்க்குது? என்ன போட்டனீர்? மறைக்காமல் சொல்லும்.” தவமலரும் விட்டுக்கொடுக்கவில்லை. “உங்கட கத்தரிக்கு என்ன போட்டீங்க எண்டு நான் கேட்டனா?” என்பாள். பத்மநாதன் கதவடியில் நின்று கேட்டு, தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவார்.

1999இல் சற்குணம் ஒஷாவாவில் சொந்தமாக ஒரு வீடு வாங்கிக் குடிபோனான். முழு வளவும் பாலேஸ்வரிக்கு வந்தது. அவள் இரண்டு பாதியையும் கொத்தி நட்டாள். எல்லாம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் வேலையால் வந்து ஜன்னலுக்குப் போகிற வழக்கம் நின்றுவிட்டது.

அந்த ஜூனில் அவர்கள் ஒஷாவாவுக்குப் போனார்கள். முதல் நாள் இரவு நல்ல மழை. பாலேஸ்வரி தேத்தண்ணியைக் கையிலெடுத்துக்கொண்டு நேரே பின்வளவுக்கு இறங்கி, மூலை மூலையாக நடந்தாள். ஓர் இடத்தில் குனிந்து விரலை விட்டுப் பார்த்தாள். பொலபொலவென்ற மண். தண்ணீர் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. வந்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் தவமலரின் கத்தரி பூ வைத்திருந்தது.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலை ஏறும்வரை அவள் விரல் நுனியில் ஒட்டிய மண்ணை உரசிக்கொண்டே வந்தாள்.

“என்ன, வீடு பிடிக்கேல்லையே?” என்று பத்மநாதன் கேட்டார்.

“வீட்டுக்கென்ன. அவளுக்குக் கிடைச்ச மண்ணைப் பாத்தனீங்களே? ஒரு மழைத்தண்ணி நிக்கேல்லை.” அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். “வாற சனிக்கிழமையும் ஒருக்காப் போவம். அந்தக் கத்தரி காய்க்கிறதை நான் பாக்கவேணும்.”